ஓரம் வெட்டாத பிரதி

போன வாரம் கேசட்டைக் கையில் ஒரு பார்சலோடு வாசல்படியிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். "மனுஷனை இப்படியா ஒரு வாரம் நிற்க வைப்பது?" என்று கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான். இதோ, உள்ளே கூப்பிட்டாயிற்று.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. கேசட் என்பது பட்டப்பெயர். ஆளுக்கு வயது ஐம்பத்தைந்து. பல்செட் செய்வது தொழில். பழைய படங்களை வாங்கிச் சேர்ப்பது பைத்தியம். வீடியோ கேசட், சிடி, டிவிடி, ப்ளூ-ரே என்று எது வந்தாலும் விடமாட்டார். வீட்டின் பின்னறையில் தரையிலிருந்து கூரைவரை அலமாரி. அதில் துணி வைக்க இடம் கேட்டு அவர் மனைவி போராடிய கதையெல்லாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். மனைவி மருந்துக்கடை நடத்துகிறவர். சீட்டில் எழுதாத மாத்திரையை அண்ணன் தம்பி வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டார். போராட்டத்திலும் அப்படித்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கேசட் வீட்டில் அவருடைய அக்காவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாள் விருந்து. அக்கா வழக்கம்போல அந்தக் கதையை எடுத்தார். இருபது வயதில் ஒரு படத்தில், சந்தைக் கூட்டத்தில், தலையில் கூடையோடு நடந்த கதை. கேசட் வாயை மூடிக்கொண்டு கேக் சாப்பிட்டிருக்கலாம். சாப்பிட்டாரா? இல்லை.

"அக்கா, அந்தப் படத்துக்கு ஏழு பதிப்பு வச்சிருக்கேன். ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்திப் பார்த்தாச்சு. நீ அதுல இல்ல. எதுக்கு இன்னும் இந்தக் கதை?" என்று நாற்பது பேர் நடுவில் போட்டு உடைத்துவிட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தவர்தான். இந்த வீட்டுப் படியை அப்புறம் மிதிக்கவில்லை. இன்று மாலை ஐந்து பத்து ரயிலில் மகள் இருக்கும் ஊருக்கு ஒரேயடியாகக் கிளம்புகிறார்.

அப்படிப்பட்ட நாளில்தான் பார்சல் வந்து சேர்ந்தது. உள்ளே அதே படம். எட்டாவது பதிப்பு. புதுப்பித்தது.

கேசட் சோபாவில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், பெட்டியின் பின்னட்டையையே வெறித்துக்கொண்டிருந்தார். மனைவி கடையைப் பகலுக்குச் சாத்திவிட்டு வந்தவர், வழக்கத்துக்கு மாறாக அவர் கை சும்மா இருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவதா?"

"இதப் படி."

பின்னட்டையில் பொடி எழுத்தில் இருந்தது இதுதான். படம் அகலத்திரைக்கு எடுத்தது. டிவியில் போடுவதற்காக யாரோ ஒரு காலத்தில் இரண்டு ஓரத்தையும் வெட்டி, நடுப்பகுதியை மட்டும் வைத்து ஒரு பிரதி எடுத்திருக்கிறார்கள். இதுவரை வந்த எல்லா வீடியோவும் அந்த ஒரு பிரதியிலிருந்து வந்தவை. இப்போதுதான் மூல நெகடிவைத் தேடிப்பிடித்துச் சுத்தம் செய்து, முழு அகலத்தோடு வெளியிடுகிறார்கள்.

"அப்படின்னா?"

"அப்படின்னா நான் ஏழு தடவ வாங்கினது ஒரே படத்தோட நடுத்துண்டு. ரெண்டு பக்கமும் என்ன இருந்துச்சுன்னு நான் பார்த்ததே இல்ல. பார்க்காமலே அத்தனை பேர் முன்னாடி நீ இல்லன்னு சொல்லிட்டேன்."

இந்த வெட்டுச் சமாசாரமெல்லாம் கேசட்டுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். நூறு படங்களுக்கு ஊராருக்கே பாடம் எடுத்திருக்கிறார். ஆனால் இந்தப் படத்தைச் சின்ன வயதிலிருந்து சதுரமாகவே பார்த்துப் பழகிவிட்டார். எடுத்ததே சதுரமாகத்தான் என்று நினைத்துவிட்டார். கெட்டிக்காரர்கள் கோட்டை விடுவதெல்லாம் இப்படித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்த வீட்டில் அவர் மனைவிக்கு மட்டுமே தெரிந்தது. அவர் வாங்கிய முதல் கேசட் இந்தப் படம்தான். அதில் அக்காவைத் தேடத்தான் வாங்கினார். கிடைக்கவில்லை. அடுத்த பதிப்பில் இருப்பாரோ என்று அதையும் வாங்கினார். தேடித் தேடியே சேகரிப்பாளர் ஆகிவிட்டார், கடைசியில் எதற்காகத் தேடினோம் என்பதே மறந்துபோனது. பாவம், அந்த விருந்தில் பேசியது தம்பி இல்லை, சேகரிப்பாளர்.

"சரி, இடிஞ்சு போய் உட்காராதீங்க," என்றார் மனைவி. "முதல்ல நீங்க போட்டுப் பாருங்க. அண்ணி அதுல இருந்தா ஓடிப்போய்க் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா மூச்சு விடாதீங்க. நேரா ஸ்டேஷனுக்குப் போய்ப் பெட்டியத் தூக்கிக் குடுங்க."

"பார்த்துட்டுக் கூப்பிடறதா? அப்போ இப்பவும் அவ பேச்சை நம்பலைன்னுதானே அர்த்தம்?"

"வந்து உட்கார்ந்து, அதுலயும் இல்லன்னா? செத்துப்போயிடுவாங்க அண்ணி."

 கேசட் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"இந்தப் புத்தி மூணு வாரத்துக்கு முன்னாடி எங்க போச்சாம்?" என்று மனைவி முதுகுக்குப் பின்னால் கேட்டார். ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்குத் தெரியும்.

அவர் போனதும் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடத்தைப் பெருக்கினார். நாற்காலியைத் துடைத்தார். டிவியில் ஏதோ ஒரு பழைய படத்தைப் போட்டுவிட்டுத் தலையணை உறை மாற்றினார். டிவி விஷயத்தில் இந்தத் தம்பதிக்குள் ஒரு தீராத வழக்கு உண்டு, உங்களுக்கு நினைவிருக்கலாம். அகலப் படம் போட்டால் திரையின் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வரும். கேசட்டுக்கு அது கோயில் மாதிரி. மனைவிக்கு அது கண்ணில் விழுந்த தூசி. "முழு டிவிக்கும்தானே வாங்கினோம்? மேல நாலு விரல், கீழ நாலு விரல் எதுக்குங்க வீணா?" என்பார்.

அது இருக்கட்டும். நாம் அக்கா வீட்டுக்குப் போவோம்.

வீடு காலியாக இருந்தது. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அக்கா அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இன்றைக்கும் எந்தப் போனையும் மூன்றாவது மணிக்குமேல் அடிக்க விடமாட்டார். பேச்சும் அப்படித்தான், சுருக்.

"ஆதாரத்தோட வந்தியா, இல்ல வெறுங்கையோட வந்தியா?"

"உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"எங்க?"

"வீட்டுக்கு. அரை மணி நேரம் போதும். அந்தப் படம் புதுசா வந்திருக்கு."

அக்கா கயிற்றை ஓர் இழு இழுத்தார். "உனக்கு வேற வேலையே இல்லையா? நான்தான் பொய் சொல்றேன்னு தீர்ப்பு எழுதியாச்சே. அப்பீலா?"

கேசட் தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பழைய கறுப்புக் குடை துணியில் சுற்றிக் கிடந்தது.

"அப்பா குடைதானே?"

"ம். போற வழில எல்லாம் சட்டைக் காலர்ல பின்னாடி மாட்டித் தொங்க விட்டுக்கிட்டே நடப்பாரே, அதேதான். எனக்கு மானமே போகும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்ததும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது, ஏன் சிரித்தோம் என்று.

"அக்கா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லேன்."

"இருபது தடவ சொல்லியிருக்கேன்."

"நீ சொன்ன. நான் கேக்கல. இப்ப கேக்கறேன்."

 அக்கா அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"காலேஜ் விட்டு வரும்போது சந்தைத் தெருவுல ஷூட்டிங். கூட்டத்துக்கு ஆள் போதலன்னு எங்களையும் கூப்பிட்டாங்க. தலையில ஆரஞ்சுக் கூடைய வச்சாங்க. கதை ஏதோ அம்பது வருஷத்துக்கு முந்தினதாம். 'உன் பிளாஸ்டிக் செருப்பு அப்பல்லாம் கிடையாதும்மா, கழட்டு'ன்னார் ஒருத்தர். கழட்டி ஓரமா விட்டேன். நாலு தடவ நடந்தேன். முடிஞ்சு பார்த்தா செருப்பக் காணோம். பச்சை வார் வச்ச புதுச் செருப்புடா. வெறுங்கால்ல வீட்டுக்கு வந்தேன்."

"அப்புறம்?"

"மறுநாள் காலைல பார்த்தா வாசல்ல இருக்கு. கூட வந்த தோழி யாராவது கொண்டுவந்து போட்டிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்பா?"

அக்கா கயிற்று நுனியைப் பிரித்துப் பிரித்துக் கட்டினார்.

"அப்பாவுக்கு யாரோ சொல்லிட்டாங்க. ஆறு மாசம் என் மூஞ்சியப் பார்த்துப் பேசல. யார் கேட்டாலும், 'என் பொண்ணு அங்க போகவே இல்ல'ன்னுட்டார். பெத்தவரே சொன்னப்புறம் எவன் என்னை நம்புவான்? சாகற வரைக்கும் அதத்தான் சொன்னார். நீ நம்பலங்கிறது எனக்குப் பெரிசு இல்லடா. அவர் சொன்ன அதே வார்த்தைய, அதே மாதிரி சொன்ன பாரு, அதான் தாங்கல."

 கேசட் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினார். ஐம்பத்தைந்து வருஷத்தில் அக்காவிடம் கேட்டுப் பழக்கமில்லை, வரவில்லை.

"புதுசுல நான் இருக்கேனா?" என்று அக்காவே கேட்டார்.

"தெரியாது. நான் இன்னும் பார்க்கல."

"நீயா? பார்சலத் தெருவுலயே வச்சுக் கிழிக்கற ஆளு நீ."

"உறையக்கூடப் பிரிக்கல. நீ இருக்க. எனக்குப் பார்க்க வேண்டிய அவசியமில்ல. நீதான் பிரிக்கணும்."

அக்கா சட்டென்று எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரில் கடிகாரமும் இல்லை, அதையும் கட்டியாயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னைக் கூட்டிட்டுப் போக வந்த பொண்ணு, வெளி வேலைய முடிச்சிட்டுப் பெட்டியோட நேரா ஸ்டேஷன் வந்துடுவா. அரை மணி. ஒரு நிமிஷம் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் அக்கா மனைவியிடம் மட்டும், "நல்லா இருக்கியாம்மா?" என்றார். உறையை நகத்தால் கீறிப் பிரித்தார். மூன்று டிஸ்குகள். கேசட் முதல் டிஸ்கைப் போட்டு, ரிமோட்டை மனைவி கையில் கொடுத்தார். 

"ஆறாவது பாகத்துக்குப் போ. அங்கதான் சந்தை."

படம் வந்தது. கேசட் திரையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு தடவை திரையில் தேடியாயிற்று, இந்தத் தடவை முகத்தில் தெரிந்தால் போதும் என்று.

சந்தை இரைச்சல். கதாநாயகன் ஓடுகிற சத்தம். கூடைகள் உருளுகிற சத்தம். அக்காவின் முகம் முன்னால் நீண்டது. உதடு ஏதோ எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. சத்தம் முடிந்து பாட்டு ஒன்று தொடங்கியது.



"சரி விடு," என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "ஒருவேளை அப்பா சொன்னதுதான் நிஜமோ என்னமோ. நான்தான் நெனச்சு நெனச்சு நடந்ததா ஆக்கிட்டேன் போல." பையை எடுத்தார்.

"அக்கா, இரு."

"வண்டிக்கு நேரமாச்சுடா."

கேசட் அப்போதுதான் திரையைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே எழுந்து நின்றார்.

"பட்டை எங்க?"

"எந்தப் பட்டை?" என்றார் மனைவி.

"கறுப்புப் பட்டை! மேலயும் கீழயும் பட்டை எங்கடி?"

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ... நான்தாங்க. நீங்க போனப்புறம் மனசு சரியில்லன்னு ஒரு படம் போட்டேன். பட்டை வந்துச்சு, பட்டனை அமுக்கிப் பெருசாக்கினேன். எப்பவும் நீங்க வர்றதுக்குள்ள மாத்தி வச்சுடுவேன். இன்னைக்கு மறந்தே போச்சு."

"எப்பவுமா?"

"அந்தச் சண்டைய அப்புறம் போடுங்க!"

படம் திரையை நிரப்ப ஊதிப்போயிருந்தது. ஊதினால் மேலே கீழே பட்டை போகும், கூடவே இரண்டு ஓரமும் வெளியே போய்விடும். எந்த ஓரத்தை யாரோ வெட்டியதாக அத்தனை வருத்தப்பட்டார்களோ, அதே ஓரத்தை இந்த வீட்டுக் கூடத்திலேயே வெட்டிவைத்திருந்தார்கள்.

மனைவி பட்டனை அமுக்கினார். படம் சுருங்கியது. மேலே நாலு விரல், கீழே நாலு விரல், கறுப்பு. மறுபடி ஆறாவது பாகம்.

இந்த முறை சந்தை அகலமாக இருந்தது. அவர்கள் பார்த்தேயிராத கடைகள் இரண்டு பக்கமும் முளைத்திருந்தன. கதாநாயகன் ஓடி வந்தான். இடது ஓரத்தில், துணிக்கடையைத் தாண்டி, தலையில் ஆரஞ்சுக் கூடையோடு ஒரு பெண் நடந்து வந்தாள். மெலிந்த பெண். வெறுங்கால். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள் போல, அதற்காகவே ஒரு நொடி பார்த்துவிட்டாள்.

"நிறுத்து!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். ரிமோட் வைத்திருந்தவர் உட்பட.

அக்கா பையைக் கீழே போட்டார். திரைக்கு அருகில் போய் நின்று, அந்தப் பெண்ணின் கூடையைத் தொட்டார்.

"நான்தான்," என்றார். "நான்தான்டா. பாரு, நான்தான்."

"நீதான்க்கா." கேசட் அழுதுகொண்டிருந்தார். பல்செட் செய்கிறவருக்கு அழும்போது பல் தெரியக் கூடாது என்பதெல்லாம் கிடையாது. "நாய் நான். என்னை நாலு சாத்து சாத்து."

"சாத்தறேன், இரு. முதல்ல முழுசா பார்க்க விடு."

"அண்ணி, எவ்வளவு அழகு நீங்க!" என்றார் மனைவி. "இடுப்பப் பாருங்க!"

"வாய மூடு," என்றார் அக்கா, சந்தோஷம் தாங்காமல்.

படத்தை மெதுவாக ஓட விட்டார்கள். அந்தப் பெண் நடந்தாள். கூட்டம் நகர்ந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரை முழுவதையும் ஆசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், வலது ஓரத்துக்கு வந்ததும் நின்றார்.

"மறுபடி நிறுத்து."

நிறுத்தினார்கள்.

வலது ஓரத்தில், கூட்டத்தை அடக்கக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். நடிக்க வந்தவர் இல்லை. அந்தக் காலத்துக் கதையில் ஆபீஸ் சட்டையும் சட்டைப்பையில் பேனாவுமாக, எடுத்தவர்கள் கவனிக்காமல் விட்டுவிட்ட ஆள். முதுகுப் பக்கம், சட்டைக் காலரில், ஒரு கறுப்புக் குடை தொங்கியது.

"அப்பா," என்றார் கேசட்.

 ஓடுகிற கதாநாயகனை அப்பா பார்க்கவில்லை. எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆரஞ்சுக் கூடை வருகிற பக்கம். முகத்தில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அது அவர் பெண்ணுக்குச் சேர வேண்டியது.

"கையில என்னங்க அது?" என்று மனைவி கேட்டார்.

கேசட் குனிந்து பார்த்தார். பழைய பிரதிகளில் எல்லாம் நிறம் சிவந்து வெளிறிக் கிடக்கும். இதில் நிறம் நிறமாக இருந்தது. அப்பா நெஞ்சோடு சேர்த்து இரண்டு செருப்புகளைப் பிடித்திருந்தார். பச்சை வார்.

போன் அடித்தது. அக்காவின் போன். மூன்றாவது மணி அடித்தது. நான்காவது அடித்தது. ஐந்து, ஆறு. அக்கா திரையை விட்டு நகரவில்லை. நின்று, மறுபடி அடித்தது. மனைவிதான் எடுத்து அழுத்தி, அக்காவின் காதருகே நீட்டினார்.

"அம்மா, எங்க இருக்கீங்க? வண்டி பிளாட்பாரத்துக்கு வந்தாச்சு!" மகளின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "இன்னும் கிளம்பலையா நீங்க? என்ன பண்றீங்க அங்க?"

"வண்டி போகட்டும்டி," என்றார் அக்கா. "பெட்டியோட இங்க வந்துடு. உங்க தாத்தா என் செருப்பக் கையில வச்சுக்கிட்டு நிக்கறார்."

அந்தப் பக்கம் ரயில் நிலையத்து இரைச்சல் மட்டும் கேட்டது. தாத்தா செத்து இருபது வருஷம் ஆகிறது. மகள் என்னவென்று நினைத்தாளோ, போனை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை.